மூன்றாவது சீட்டின் உறை

எங்கே உட்காருவதானாலும் அன்னம் முதலில் அந்த இடத்தை உள்ளங்கையால் தடவிப் பார்ப்பாள். பஸ் சீட், கோயில் ஹாலில் போட்டிருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி, பல் டாக்டரிடம் காத்திருக்கும் சோபா, எதுவானாலும் சரி. இடமிருந்து வலமாக ஒரு முறை, மேலிருந்து கீழாக ஒரு முறை. பிறகுதான் உட்காருவாள். ஆக்லாந்தின் பாபடோயிட்டோயில் அவளைத் தெரிந்தவர்கள் அதைச் சுத்தம் பார்க்கிற குணம் என்று எடுத்துக்கொண்டார்கள். மகள் அபிதா மட்டும், யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "அம்மா, இட்ஸ் ஜஸ்ட் எ சேர்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள்.

அந்தப் பழக்கம் அவளோடு பிறந்ததல்ல. எட்டு வருடங்களுக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டேகாலுக்கு வந்தது.

அன்னத்துக்குச் சொந்த ஊர் அவிநாசி. ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடம் நின்றுபோனது. மறுவாரமே திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடி வேலைக்குச் சேர்ந்தாள். நாலு பேர் நடுவில் அவளுக்கு வாய் திறக்க வராது. ஆனால் கண் எதையும் விடாது. டெய்லர்களின் கையைப் பார்த்துப் பார்த்தே தையல் கற்றுக்கொண்டாள். பதினெட்டு வயதில் அவளுக்கென்று ஒரு மெஷின் இருந்தது.

ஏற்றுமதிக் கம்பெனிகளில் ஒரு சட்டம் உண்டு. ஊசி உடைந்தால் அதன் எல்லாத் துண்டுகளையும் பொறுக்கிக் கொடுத்தால்தான் புது ஊசி கொடுப்பார்கள். எங்கோ ஒரு வெளிநாட்டுக் குழந்தையின் சட்டையில் ஒரு துண்டு போய்விட்டால் மொத்தச் சரக்கும் திரும்பி வந்துவிடும். துண்டு கிடைக்காவிட்டால் அந்த மேஜையிலுள்ள பீஸையெல்லாம் பிரித்துப் பார்ப்பார்கள். லைன் முழுக்க நின்றுபோகும். சூப்பர்வைசர் வாயில் வந்ததெல்லாம் பேசுவார். அதனால் டெய்லர்களுக்குள் இன்னொரு சட்டம் இருந்தது. வீட்டு மெஷினில் உடைந்த ஊசிகளின் முனைகளை ஒவ்வொருத்தியும் ஒரு காலித் தைல டப்பாவில் சேர்த்து வைத்திருப்பாள். முனை தொலைந்தால் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துச் சேர்த்துக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள். அதை யாரும் தப்பு என்று நினைத்ததில்லை. அன்னமும் நினைத்ததில்லை.

கல்யாணமாகி, அபிதா பிறந்து, கணவன் வெற்றி பஸ் மெக்கானிக்காக நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து, இரண்டு வருடம் கழித்து அவர்களையும் கூப்பிட்டுக்கொண்டான். இட்லித் தட்டு, மிளகாய்ப்பொடி, ஜாதகங்கள் எல்லாவற்றோடும் அந்தத் தைல டப்பாவும் பெட்டியில் வந்தது. ஏர்போர்ட்டில் மிளகாய்ப்பொடியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். டப்பாவை யாரும் கேட்கவில்லை.

வேலை கிடைத்ததும் ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில்தான். விமானங்களுக்கு சீட் உறை தைக்கிற ஒரு சின்னப் பட்டறை, மொத்தம் பதினொரு பேர். முதலாளி டெரெக் என்ற வெள்ளைக்காரர். அங்கே எல்லாரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அன்னத்துக்கு அது கடைசிவரை வரவில்லை, சார்தான். தைத்ததைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவள் மோகினி. பிஜியில் நாடி ஊர்க்காரி. மூதாதையர் கரும்புக் காட்டுக்குக் கப்பலேறிப் போனவர்கள். பாதி கோயில் பஜனையிலும் பாதி பாட்டுகளிலும் கற்ற தமிழை அவள் அன்னத்துக்காக மறுபடி தூசி தட்டி எடுத்தாள். முதல் வாரமே அன்னம் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

அந்த வருடம்தான் பட்டறைக்கு ஒரு பெரிய ஆர்டர் வந்தது. ஓர் அமெரிக்கக் கம்பெனி, ஆட்களை ஏற்றிக்கொண்டு விண்வெளிக்குப் போய், திரும்ப வந்து இறங்கி, மறுபடியும் அதே ஆட்டத்தை ஆடக்கூடிய கப்பல்கள் இரண்டைக் கட்டிக்கொண்டிருந்தது. முதல் கப்பலின் பெயர் ஹெரான், இரண்டாவதின் பெயர் டெர்ன். இரண்டுமே பறவைப் பெயர்கள். ஒவ்வொன்றிலும் நாலு சீட், ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் உறை. நாலு அடுக்குப் பஞ்சு வைத்து, வெள்ளி இழை ஓடிய சாம்பல் நிறத் துணியில் தைக்க வேண்டும். வெள்ளி இழை இருந்ததால் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியை வைத்தால் உறை முழுக்கக் கத்தியது. ஆகவே இங்கேயும் அதே சட்டம்தான் காவல். ஊசி உடைந்தால் ஓர் அட்டையில் ஊசியின் படம் இருக்கும். அதன் மேல் துண்டுகளை வரிசையாக வைத்து டேப் ஒட்டி, தேதி போட்டு, மோகினியிடம் கையெழுத்து வாங்க வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அன்னம் ஹெரானின் மூன்றாவது சீட் உறையின் கடைசித் தையலில் இருந்தாள். நாலு மணிக்கு கூரியர் வரும். அவள் வேலைக்குச் சேர்ந்து எண்பத்து நாலு நாள் ஆகியிருந்தது. தொண்ணூறு நாள் சோதனைக் காலம் முடிய இன்னும் ஆறு நாள். அதற்குள் பிடிக்கவில்லை என்று அனுப்பிவிட்டால் ஏன் என்று கேட்க முடியாது. வெற்றியின் ரெசிடென்ட் விசாவுக்கு அப்போதுதான் மனுப் போட்டிருந்தார்கள்.

தடித்த மூலையில் டிக் என்று ஒரு சத்தம். பதினெட்டாம் நம்பர் ஊசி. தண்டு மெஷினிலேயே இருந்தது. நடுத்துண்டு துணி மேல் கிடந்தது. முனையைக் காணோம்.

மெஷினைத் திறந்து பார்த்தாள். மண்டியிட்டுத் தரையில் காந்தத்தை ஓட்டினாள். உறையின் மேல் ஓட்டினாள். பஞ்சின் கனத்தில் காந்தத்துக்கு எதுவும் எட்டவில்லை. இடது கைப் பக்கம் அடுத்த உறைக்கான துண்டுகள் வெட்டி அடுக்கியிருந்தன, அவற்றை உதறிப் பார்த்தாள். எதுவும் விழவில்லை. மற்றவர்கள் சாப்பிடப் போய்விட்டார்கள். அவளுடைய கை தானாகப் பைக்குள் போய் தைல டப்பாவைத் திறந்தது. பழகிய கை. டப்பாவில் இருந்தவை வீட்டு மெஷின் முனைகள், பதினாறாம் நம்பர், ஒரு மயிரிழை மெலிசு. ஒன்றை எடுத்து மற்ற இரண்டு துண்டுகளுக்குக் கீழே வைத்து டேப் ஒட்டினாள்.

மோகினி அட்டையை வாங்கினாள். "எல்லாம் வந்தாச்சா அன்னம்? டிப்பும்?"

"வந்துருச்சுங்க அக்கா."

மோகினி அவளை ஒரு கணம் பார்த்தாள். கையெழுத்துப் போட்டாள். "போய்ச் சாப்பிடு. முகம் எல்லாம் வேர்த்திருக்கு."

எண்பத்தைந்தாம் நாள் வந்தது, தொண்ணூறும் வந்தது. விசாவும் வந்தது. முனை மட்டும் வரவில்லை.

அதற்கடுத்த வருடம் ஹெரான் முதல் தடவையாக ஆட்களோடு கிளம்பியது. ஆக்லாந்தில் காலை பத்தே கால். பட்டறையில் டீ குடிக்கிற நேரத்தை ஸ்மோகோ என்பார்கள். அந்த ஸ்மோகோவில் டெரெக் சாப்பாட்டு அறை டிவியில் நேரடிக் காட்சியை வைத்து எல்லாருக்கும் மாவுக்குள் கறி வைத்துச் சுட்ட ‘பை’ வாங்கிக் கொடுத்தார். வெள்ளை உடுப்பு மாட்டிய நாலு பேர் வானத்தைப் பார்த்து மல்லாந்து படுத்திருந்தார்கள். மேலே போகும்போது உடம்பு மூன்று மடங்கு கனக்கும் என்று டெரெக் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். மோகினி அதை அன்னத்துக்குத் தமிழில் சொன்னாள். அந்த உடுப்புக்குள்தான் அவர்களுடைய காற்று இருக்கிறதாம், அதில் ஓட்டை விழுந்தால் ஆபத்தாம் என்பதையும் சேர்த்தே சொன்னாள். தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் சொன்னாள்.

மூன்றாவது சீட்டில் நெற்றியில் தழும்புள்ள ஒரு மனிதர் இருந்தார். கவுண்ட்டவுன் ஓடுகிறபோது அன்னம் தன் நாற்காலியின் ஓரத்தைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். பட்டறையே கைதட்டியது. அவளுடைய பை அப்படியே ஆறிப்போனது. பதினோரு நாள் கழித்து ஹெரான் பத்திரமாக வந்து இறங்கியது. தழும்புக்காரர் கை அசைத்துக்கொண்டு நடந்து வந்தார். அன்று அன்னம் சாமி படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றாள். முடிந்தது என்று நினைத்தாள்.

ஆனால் அது திரும்பத் திரும்பப் போகிற கப்பல். ஆறு மாதத்தில் மறுபடியும் போனது, அதே சீட்டோடு, அதே உறையோடு. இந்தத் தடவை மூன்றாவது சீட்டில் குட்டை முடி வைத்த ஒரு பெண். பிறகு காது பெரிதாக இருந்த ஒருவர். பிறகு, சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் இன்னொரு பெண். ஏழு பயணம், ஏழு பேர். அவர்களுடைய பெயர்கள் அவள் வாயில் நுழையவில்லை. முகங்கள் நுழைந்துகொண்டன. ஓட்டாஹூஹூ ஸ்டேஷனில் பஸ் மாறும்போது தழும்புக்காரர் எதிர்ப் பிளாட்பாரத்தில் நிற்பார். உற்றுப் பார்த்தால் வேறு யாரோ. காய்கறிக் கடையில் குட்டை முடிக்காரி வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்பினால் அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். அவர்கள் எல்லாரும் உயிரோடு, நல்லபடியாக, எங்கோ அமெரிக்காவில் இருந்தார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் வந்தார்கள். ஒருவர்கூட அவளிடம் எதுவும் கேட்டதில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார்கள், அவ்வளவுதான். அந்த முதுகுகளைப் பார்க்கத்தான் அவளுக்குப் பயம். எங்காவது ஒரு புள்ளி தெரிந்துவிடுமோ என்று.

டெர்ன் கிளம்புகிற நாட்களில் அவள் நிம்மதியாக இருந்தாள். அதுவும் ஐந்து தடவை போய் வந்தது. ஒரு தடவை அது நெருப்போடு மேலே எழும்பிக்கொண்டிருந்த அதே நிமிடத்தில் மோகினி வீட்டிலிருந்து கொண்டுவந்த குல்குலா என்ற இனிப்பு உருண்டைகளில் நாலை அன்னம் தின்றுவிட்டு, "இதுல சோம்பு போட்டிருக்கீங்களாக்கா?" என்று கேட்டாள்.

போன வருடம் ஹெரானுக்கு ஓய்வு கொடுத்தார்கள். வயதாகிவிட்டதாம். இனிமேல் அது அமெரிக்காவில் ஒரு மியூசியத்தில் நிற்கும், பள்ளிப் பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். கடைசிப் பயணம் இறங்கிய அன்று அன்னம் பட்டறைக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு சில மாதங்கள் ஸ்டேஷனில் யாரும் நிற்கவில்லை.

அப்புறம் ஒரு காலை டெரெக் எல்லாரையும் கூப்பிட்டார். ஹெரானுக்கு வேலை செய்து கொடுத்த சின்னச் சின்னப் பட்டறைகளுக்கெல்லாம் நினைவாக ஒரு பொருள் அனுப்புகிறார்களாம். நமக்கு ஒரு சீட் உறை வரும், கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம், நாலில் எது வேண்டும் என்று கேட்கிறார்கள் என்றார். யாருக்கும் அதில் பெரிய அக்கறை இல்லை. முதலாவது என்று ஒருவன் இழுத்தான்.

"த்ரீ" என்றாள் அன்னம்.

எட்டு வருடத்தில் கூட்டத்தில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டெரெக் சிரித்தபடி, சரி, மூன்றாவதே என்றார். மோகினி சிரிக்கவில்லை. அவள் அன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெட்டி ஒரு வியாழக்கிழமை வந்தது. சட்டத்தில் தட்டையாக வைப்பதற்கு உறையைப் பிரிக்க வேண்டியிருந்தது. தைத்தவளே பிரிக்கட்டும் என்று டெரெக் அதை அன்னத்தின் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

துணி லேசாகப் பழுத்திருந்தது. ஏழு பேர் படுத்த இடத்தில் பஞ்சு அமுங்கி, ஓர் ஆளின் தோள் அளவுக்குப் பள்ளமாக இருந்தது. அந்தப் பள்ளத்தின் மேல் அவள் உள்ளங்கையை வைத்தாள். பிறகு பிரிப்பானை எடுத்து ஒவ்வொரு தையலாக அறுத்தாள். கடைசி மூலையில் அவள் போட்ட சாக்பீஸ் குறிகூட மங்காமல் இருந்தது. நாலு அடுக்கையும் தனித்தனியாக வெள்ளைத் தாளின் மேல் விரித்தாள். காந்தத்தை ஓட்டினாள். விரலால் தடவினாள். கன்னத்தை வைத்துத் தடவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

முனை அதில் இல்லை.

முதலில் உடம்பு லேசாகிப்போனது. ஏழு பேரும் பத்திரமான உறையில்தான் படுத்துப் போயிருக்கிறார்கள். எட்டு வருடம் சும்மா பயந்திருக்கிறோம் என்று நினைத்தாள், சிரிப்புக்கூட வந்தது. பிறகு, பஞ்சு அடுக்குகளை எடுத்து இடது கைப் பக்கம் வைக்கும்போது கை நின்றது.

இடது கைப் பக்கம்தான். ஹெரானின் நாலாவது உறையை வேறொருத்தி தைத்ததால், அன்று அங்கே அடுக்கியிருந்தவை டெர்னின் முதல் சீட்டுக்கான துண்டுகள். மேலாக விரித்திருந்தது பஞ்சு. சாப்பிட்டு வந்ததும் அவற்றைத்தான் எடுத்துத் தைத்தாள். ஊசி முனை தெறித்தால் எவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்குத் தெரியாதா. ஒருமுறை திருப்பூரில் மூன்றாவது மெஷின்காரியின் தலைமுடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள்.

டெர்னின் முதல் சீட்டில் போன ஐந்து பேரில் ஒருவருடைய முகமும் அவளுக்கு நினைவில்லை. அவர்கள் போகும்போது அவள் குல்குலா தின்றுகொண்டிருந்தாள். அடுத்த பயணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைக்கு வெளியே, கார் நிறுத்திய இடத்தில், வெற்றி சாவியைத் திருகப் போனபோது அன்னம் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அரிசி மூட்டை பின் சீட்டில் இருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள். அவளுடைய வாழ்க்கையிலேயே ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை.

வெற்றி சாவியை விட்டுவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். "அஞ்சு தடவை போயிட்டு வந்துருச்சு. ஒண்ணும் ஆகலையே புள்ள."

"ஆமாங்க."

"எங்கியோ குப்பைல போயிருக்கும். இப்பப் போய்ச் சொன்னா வேலைய வுட்டுத் தூக்குவாங்க. உன்றகூட மோகினியக்காவையும் தூக்குவாங்க. கையெழுத்து அவுங்களுது."

"அதுதானுங்க எனக்கும்."

"அப்புறமென்ன. பேசாம இரு."

வழக்கமாக அவன் அப்படிச் சொன்னால் அவள் பேசாமல்தான் இருப்பாள். இன்று கேட்டாள். "ஏனுங்க, ஒரு பஸ்ஸு அஞ்சு நாளா நல்லாத்தான் ஓடுது. ஆனா பிரேக்குல ஒரு போல்ட்ட மாட்டுனனா இல்லையான்னு உங்களுக்குச் சந்தேகமா இருக்குது. ஆறாவது நாள் என்ன பண்ணுவீங்க?"

வெற்றி காரைக் கிளப்பினான். கிரேட் சவுத் ரோடு சிக்னலில் நிற்கும்போது, முன்னால் நின்ற பஸ்ஸின் பின்புறத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "டிப்போவுக்குப் போன் பண்ணுவேன். வண்டிய எங்க இருக்குதோ அங்கியே நிறுத்துன்னு சொல்லுவேன்." பச்சை விழுந்ததும், "நாளைக்கு நான் கொண்டுபோய் வுடறேன். பஸ்ல போகாத" என்றான்.

திங்கள் காலை மோகினி தன் மேஜையில் விளக்குப் பொருத்திய பூதக்கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். அன்னம் போய் நின்றாள்.

"அக்கா, ஊசி அட்டைப் பெட்டி வேணுங்க. எட்டு வருசத்துக்கு முந்துனது."

"எதுக்கு?"

"ஒண்ணு காட்டோணுங்க."

மோகினி கீழ் டிராயரிலிருந்து பெட்டியை எடுத்தாள். தேதி சொல்லத் தேவையில்லாமல் அன்னமே அந்த அட்டையை உருவினாள். டேப் மஞ்சளாகியிருந்தது. "கண்ணாடில வெச்சுப் பாருங்க. மேல ரெண்டு துண்டும் பதினெட்டு. முனை என்ன நம்பர்?"

மோகினி கண்ணாடியை இழுத்துக் குனிந்தாள். நிமிர்வதற்கு நேரமாயிற்று.

"பதினாறு" என்றாள்.

அன்னம் பையிலிருந்து தைல டப்பாவை எடுத்து அட்டைக்குப் பக்கத்தில் வைத்தாள். மூடியைத் திறந்து காட்டினாள். விளக்கு வெளிச்சத்தில் உள்ளே நாலு முனைகள் மின்னின. ஹெரான் உறையில் தேடியதை, இடது பக்கத்துத் துண்டுகளை, எல்லாவற்றையும் சொன்னாள்.

"மூணாவது சீட்டுன்னு நீ கேட்டப்பவே எனக்கு மனசு சரியில்லை" என்றாள் மோகினி. "எட்டு வருஷம் இந்த அட்டை என் டிராயர்ல இருந்தது. ஒரு தடவைகூட கண்ணாடி வைச்சுப் பார்க்கலை."

"அன்னைக்கு நீங்க பாத்தீங்களேக்கா."

"அட்டையை எங்க பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்தேன். இவ பொய் சொல்ல மாட்டான்னு போட்டேன் கையெழுத்து."

அதைவிட ஒரு அறை விட்டிருக்கலாம். அன்னம் டப்பாவை மூடினாள். "எனக்காக நீங்க எதும் பேச வேண்டாங்க அக்கா."

"பேச மாட்டேன். என் கையெழுத்துக்கு நான் பேசணும், அதுவே நிறைய இருக்கு." மோகினி எழுந்து அட்டையையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். "வா. டெரெக் இன்னும் காபி குடிச்சிருக்க மாட்டான். குடிக்கறதுக்கு முன்னாலயே சொல்லிடலாம்."

டெரெக் கத்தவில்லை. கதவைச் சாத்தினார், எழுதி வைத்துக்கொண்டார், போனை எடுத்தார். மத்தியானத்துக்குள் அமெரிக்காவிலிருந்து மூன்று பேர் கம்ப்யூட்டர் திரையில் வந்து உட்கார்ந்தார்கள். கேள்விகளை மோகினி தமிழில் கேட்டாள், பதிலை ஆங்கிலத்தில் சொன்னாள். முனை எவ்வளவு நீளம் என்று கேட்டபோது மட்டும் அன்னம் தானே கையை நீட்டி, சுண்டு விரல் நகத்தின் வெள்ளைப் பகுதியைத் திரைக்குப் பக்கத்தில் காட்டினாள். திரையில் இருந்த பெண் குனிந்து தன் சுண்டு விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டாள். ஏன் மறைத்தாய் என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாயிருக்கும் என்று அன்னத்துக்குத் தோன்றியது.

டெர்னின் பயணம் தள்ளிவைக்கப்பட்டது. செய்தியில் ஒரு வரி வந்தது, உள்பாகங்களை மறுபடி சரிபார்க்கிறார்கள் என்று. ஆறாம் நாள் டெரெக் இருவரையும் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். முதல் சீட் உறை. மேலிருந்து இரண்டாவது பஞ்சு அடுக்கு. வலது தோள்பட்டை வருகிற இடம். பதினெட்டாம் நம்பர் முனை கூர்ப் பக்கம் மேலே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தது. அதற்கும் மேல் துணிக்கும் நடுவில் ஓர் அரிசி கனம்தான் இருந்தது. ஒவ்வொரு பயணத்திலும் பஞ்சு அமுங்க அமுங்க அது கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

அன்று மாலை அன்னம் அபிதாவை உட்கார வைத்து, டெர்னின் முதல் சீட்டில் போன ஐந்து பேரின் படங்களையும் போனில் தேடி எடுக்கச் சொன்னாள். "ஒய் தீஸ் பீப்பிள்?" என்று கேட்டுக்கொண்டே அபிதா எடுத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு முகத்தையும் அவள் நிதானமாகப் பார்த்தாள். கடைசிப் படம், பயணத்தை முடித்துவிட்டு ஏணியில் இறங்கும் ஓர் இளம் பெண். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அன்னம் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

டெரெக் அவளை அனுப்பிவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்திருக்கிறார். பிறகு பஸ் சீட் உறை தைக்கிற பக்கத்துக்கு மாற்றினார். மோகினிக்கு எழுத்தில் ஓர் எச்சரிக்கை. தள்ளிப்போன பயணத்தின் செலவுக்கு அந்தக் கம்பெனி என்ன கேட்கப் போகிறதோ தெரியாது. இனிமேல் அவர்களிடமிருந்து ஆர்டர் வருமா என்பதும் தெரியாது. பட்டறையில் சிலர் அன்னத்தோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அவள் முன்பும் அதிகம் பேசியதில்லை என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் தெரிந்தது. ஒரு நாள் சின்னப் பிளாஸ்டிக் பையில் அந்த முனையைத் தபாலில் அனுப்பியிருந்தார்கள். மோகினி பழைய அட்டையை எடுத்து, பொய் முனையைப் பெயர்க்காமல், அதற்குப் பக்கத்தில் உண்மையானதை வைத்து டேப் ஒட்டி, புதிதாகத் தேதி போட்டாள். இந்த முறை கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் கையெழுத்து.

ஐந்து வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை ஸ்மோகோவில், டெர்ன் கிளம்பியது. பை யாரும் வாங்கவில்லை. அன்னம் சாப்பாட்டு அறை வாசலிலேயே நின்றாள். திரையில் நாலு பேர் மல்லாந்து படுத்திருந்தார்கள். முதல் சீட்டில் நரைத்த புருவமுள்ள ஒருவர். அவருக்குக் கீழே புது உறை, வேறு யாரோ தைத்தது.

"உள்ள வா. உட்காரு" என்றாள் மோகினி, பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு.

அன்னம் வந்தாள். நாற்காலியை இடமிருந்து வலமாக ஒரு முறை, மேலிருந்து கீழாக ஒரு முறை தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். திரையில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்தன. இருபதுக்கு வந்தபோது மோகினி மெல்ல எழுந்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே தன் நாற்காலியை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.